கட்டிலை விட்டுப் பதினாறு அங்குலம்

2019ஆம் வருஷம் ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, திருக்கோகர்ணத்தில் நாகராசுவின் மனைவி திலகவதி படுத்திருந்த கட்டிலை விட்டுப் பதினாறு அங்குலம் மேலே எழும்பினார். அளந்து சொன்னவர் பக்கத்து வீட்டு புவனேஸ்வரி டீச்சர். கணக்கு டீச்சர், அரை அங்குலம்கூடக் கூட்டிச் சொல்கிற பழக்கம் இல்லாதவர். கிடார் சத்தம் பொறுக்காமல் சண்டை போட வந்தவர், வந்த காரியத்தை மறந்து வீட்டுக்குப் போய் ஸ்கேலை எடுத்துவந்தார். அந்த வாரம் சின்ன வெங்காயம் விலை ஏறியிருந்ததால் தெருவில் அதைப் பற்றித்தான் பேச்சு அதிகம்.

திலகவதி கீழராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பதினெட்டு வருஷம் நின்றபடி பில் போட்டவர். 2016இல் கறம்பக்குடி சாலையில் வண்டி சறுக்கி விழுந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. டாக்டர் சொன்னபடி இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நாகராசு அவரைப் புரட்டிப் படுக்கவைத்தார். தண்ணீர் மெத்தை, காற்று மெத்தை எல்லாம் வாங்கிப் போட்டார். இருந்தும் இடுப்புக்குச் சற்றுக் கீழே படுக்கைப் புண் வந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஆழமாகிவிட்டது. வலி தெரியவில்லை, வாடை மட்டும் தெரிந்தது. “வலிச்சாக்கூட தாங்கிக்குவேங்க. வாரவங்க மூஞ்சியச் சுளிக்காம இருக்கப் பாடுபடுறாங்க பாருங்க, அதத்தான் தாங்க முடியல” என்று ஒருநாள் சொன்னார். அதற்குப் பிறகு சொந்தக்காரர்களையே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நாகராசு மெல்லிசைக் குழுவில் இருபத்தாறு வருஷமாகக் கிடார் வாசிப்பவர். அந்தக் குழுவில் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. கிடாருக்குக் கரகரப்பு வேண்டுமென்றால் இரண்டு வழி. காலால் மிதிக்கிற பெடல் என்ற சின்ன இரும்புப் பெட்டி ஓசையைத் தனக்குள்ளேயே கரகரப்பாக்கி அனுப்பிவிடும். சத்தம் குறைவாக இருந்தாலும் போதும். இல்லையென்றால் ஆம்ப்ளிஃபயரையே அதனால் தாங்க முடியாத அளவுக்குத் திருகிவைக்க வேண்டும், அது தானே திணறிக் கரகரக்கும். கீபோர்டு வாசிக்கும் சிவபிரகாஷ் பெடல் கட்சி. கல்யாண மண்டபத்தில் ரசம் சாப்பிடுகிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான் என்பார். நாகராசு ஆம்ப் கட்சி, ஆனால் கையில் ஆம்ப் இல்லாததால் பெடலைத்தான் மிதித்துக்கொண்டிருந்தார். திலகவதிக்கு இரண்டுமே ஆகாது. மாவு மெஷின் சத்தத்துக்கு இத்தனை பேச்சா என்பார்.

துபாயில் ஒரு ஹோட்டலில் வேலைபார்த்த கோட்டைப்பட்டினம் ஹனீபா, ஹோட்டலை மூடியபோது கிடைத்த, கண்ணாடி வால்வுகள் வைத்த பழைய ஆம்பைக் கொண்டுவந்து நாகராசுவிடம் கொடுத்ததுதான் தொடக்கம். அந்தச் செவ்வாய்க்கிழமை நாகராசு குமிழைக் கடைசிவரை திருப்பி ஒரு தந்தியை மீட்டினார். ஆம்ப் திணறியது, திலகவதி எழும்பினார். முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே காற்று ஓடியது. ஓசை நின்றதும் மெதுவாக இறங்கினார். “இன்னொருதரம் வாசிங்க” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் வராத வார்த்தை அது. நாகராசு வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தார்.

பிறகு அதற்கு ஒரு நேரம் வகுத்தார்கள். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். டீச்சரின் கணவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்ததால், அந்த நேரங்களில் டீச்சர் அவரை ஆட்டோவில் ஏற்றிக் கோயில் பிரகாரத்தில் உட்காரவைத்துவிட்டு வருவார். ஊரடங்கு வந்து கச்சேரியெல்லாம் நின்றபோது வாசிப்பு ஆறு மணி நேரமானது. மறு வருஷம் தைக்குள் புண் வற்றித் தோல் மூடியது. சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். திலகவதி அந்தரத்தில் இருந்தபடியே அவர்களிடம் சேலை விலை கேட்டார். ஏமாந்து வாங்கியவர்களைத் திட்டினார். அந்த இரண்டரை வருஷமும் அந்த வீட்டில் சந்தோஷம் இருந்தது என்பதைத் தெரு முழுக்கச் சொல்லும்.

2022 சித்திரையில் ஒரு மாலை ஆம்ப் புகைந்து நின்றுவிட்டது. உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருந்தது. திலகவதியை விட்டு நகர முடியாததால், நாகராசு அதைச் சாக்கில் சுற்றி அன்னவாசல் பஸ்ஸில் ஏற்றி, போர் மோட்டாருக்குக் காயில் கட்டும் திருப்பதிக்கு அனுப்பினார். பழையபடி சத்தம் வர வேண்டும் என்று போனில் சொன்னார். திருப்பதி நல்ல மனிதர், கைராசிக்காரர். யாருக்காக அந்த ஆம்ப் என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே பத்து நாள் மற்ற வேலையையெல்லாம் தள்ளிவைத்தார். எரிந்ததைச் சரிசெய்து ஒரு நாதஸ்வர கேசட்டைப் போட்டுப் பார்த்தபோது ஓசை கரகரத்தது. ஐயோ பாவம், இத்தனை நாள் இந்தக் கோளாறோடுதான் வாசித்தாரா என்று மனம் கேட்காமல், கண்ணாடி வால்வுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, கோயில் மைக் செட்டுக்குப் போடுகிற புது போர்டைப் பொருத்தினார். பழைய செம்பும் கண்ணாடியும் காயலான் கடைக்குப் போயின. கூலி வாங்க மறுத்துவிட்டு, தானே வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்.

“எம்புட்டு வேணாலும் திருப்புங்கண்ணே, இனிமே கரகரப்பே வராது” என்றார்.

நாகராசு கடைசிவரை திருப்பினார். தெருவே அதிர்கிற அளவுக்கு, கோயில் மணி போலத் தெளிவாக ஓசை வந்தது. திலகவதி கட்டிலிலேயே கிடந்தார். திருப்பதி அவர் முகத்தைப் பார்த்தார், நாகராசுவின் முகத்தைப் பார்த்தார், என்ன செய்திருக்கிறோம் என்பது புரிந்து சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்று ஊர் சொன்னது. நாகராசு அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தார். சென்னையிலிருந்து இரவல் வாங்கிய வேறொரு வால்வு ஆம்பும் ஒன்றும் செய்யவில்லை.

கடைசியில் சிவபிரகாஷ் பெடல்களோடு வந்தார். முதல் பெடலை மிதித்து வாசித்ததும் திலகவதி நாலு அங்குலம் எழும்பினார், ஆனால் கட்டிலும் சேர்ந்து எழும்பியது. முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே டீச்சர் ஒரு தாளை நுழைத்துப் பார்த்தார், நுழையவில்லை. கட்டிலை ஆட்டுக்கல்லில் கட்டினார்கள், ஆட்டுக்கல்லும் வந்தது. தரையில் பாய் போட்டுப் படுக்கவைத்தார்கள், பாயும் வந்தது. பெடலைக் கூட்டக் கூட்ட உயரம் கூடியதே தவிர ஒரு நூல் இடைவெளி விழவில்லை. “பெடலு ஒடஞ்ச மாதிரி பேசும்ணே, ஒடையாது. அந்த ஆம்பு நெசமாவே தாங்காமத்தான் கத்திருக்கு” என்றார் சிவபிரகாஷ். இருபது வருஷம் வாதாடியவர், வழக்கில் தோற்றதற்காக அல்ல, வேறெதற்கோ அழுதார்.

ஐப்பசியில் புண் திரும்ப வந்தது. இந்தத் தடவை எலும்புவரை போயிற்று. ஆஸ்பத்திரியில் இருபது நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நாகராசு பெடல்களை மூட்டைகட்டிப் பரிதாபமாக உட்கார்ந்திருந்தபோது திலகவதி கூப்பிட்டார்.

“ஏங்க, அன்னைக்கி அஞ்சு பெடலு போட்டப்போ ஜன்னல் வரைக்கும் வந்துச்சுல்ல.”

“ஆமா. ஒனக்கு அதுல என்ன பிரயோசனம்?”

“புண்ணு கெடக்குது. ரோட்டப் பாத்து ஆறு வருசமாச்சு, தூக்குங்க.”

அந்த ஜன்னல் நாலரை அடிக்கு மேலே இருந்தது. படுத்திருப்பவருக்கு ஆகாயம் மட்டும்தான் தெரியும். அன்றிலிருந்து தினமும் ஐந்து பெடல்களில் நாகராசு அவரைக் கட்டிலோடு தூக்கினார். பெடலுக்குச் சத்தம் அதிகம் தேவையில்லாததால் டீச்சரின் கணவர் வீட்டிலேயே இருக்க முடிந்தது. திலகவதி டவுன் பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் பார்த்தார். யார் புதுச்சேலை, யாருக்கு நரை கூடிவிட்டது என்று கீழே வாசித்துக்கொண்டிருந்த கணவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். புண்ணால் வந்த காய்ச்சல் மட்டும் விடவில்லை. 2023 பங்குனியில் ஒரு முற்பகல், பள்ளிக்கூட வேனைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து நடுவிலேயே நிறுத்தினார். நாகராசு மீதியைக் கேட்பதற்காகச் சத்தத்தைக் குறைத்தார். பிறகு முழுவதும் நிறுத்தினார். கட்டில் இறங்கவில்லை.

ஸ்டூல் மேல் ஏறி நின்றுதான் அவரைக் குளிப்பாட்டினார்கள். நாலு பேர் உடலைக் கீழே இறக்கிய பிறகும் கட்டில் அந்த உயரத்திலேயே நின்றது. ஒரு வாரம் ஆட்கள் வந்து பார்த்தார்கள், பிறகு வரவில்லை. நாகராசு அதற்குக் கீழே அரிசி மூட்டையையும் சைக்கிளையும் நிறுத்திக்கொண்டார். போன வருஷம் வீட்டை அளக்க வந்த மாநகராட்சி ஊழியர் டேப்பை நீட்டியபடி, மேலே என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். “ஒண்ணுமில்லைங்க” என்றார் நாகராசு. ஊழியர் ‘பரண், காலி’ என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.