சொருகாத வயர்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் எனக்குச் சொந்தமில்லாதது ஒரே ஒரு கேள்வி. அதைப் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் ஒட்டுக் கேட்டேன். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

கீபோர்டு வாங்கப் போயிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும், கழுத்தில் ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை. கையில் ஏற்கெனவே பிரித்த ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் உள்ளங்கை அளவில் ஒரு வீடியோ கேம் பெட்டி, கையில் பிடித்துப் பொத்தானை அமுக்கி ஆட வயர் வைத்த இரண்டு கன்ட்ரோலர். தொண்ணூறுகளில் டிவியோடு இணைத்து விளையாடினோமே, அதைச் செப்புச் சாமான் மாதிரிச் சுருக்கி, பழைய ஆட்டங்களையெல்லாம் உள்ளேயே அடைத்து இப்போது விற்கிறார்கள். பொருளைத் திருப்பித் தர வந்திருக்கிறார் என்று நினைத்துக் கடைக்காரர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார். அந்தப் பெண்மணி அதற்கு வரவில்லை. கேட்டது இதுதான்.

"இதுல ரெண்டாவது கன்ட்ரோலரைச் சொருகாம விட்டா, ஸ்கிரீன்ல ஏதாவது மெசேஜ் வருமா?"

கடைக்காரர் விழித்தார். "ஏனூ பரல்லா மேடம். ஒண்ணும் வராது. ஒன் ப்ளேயர்ல அது பாட்டுக்கு ஓடும்."

"லைட்டு கிட்டு எதுவும் அணையாதே? சொருகலைன்னு பாக்கறவாளுக்குத் தெரியாதே?"

"கன்ட்ரோலர்ல லைட்டே கிடையாது மேடம்."

அந்த அம்மாள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பெட்டியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் கீபோர்டை மறந்து அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேலை செய்யாத கன்ட்ரோலரை வேலை செய்வதாகக் காட்ட ஒருவர் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து (அட்டையில் படித்தேன், தப்புதான்) அந்த டிராபிக்கில் இவ்வளவு தூரம் எதற்கு வரவேண்டும்? யாரை ஏமாற்ற?

2

முதலில் எழுதிய தொடக்கம்: "குழந்தை அடம்பிடித்தது. அம்மா இரண்டாவது கன்ட்ரோலரை அதன் கையில் திணித்துவிட்டு—"

வேண்டாம். குழந்தைக்கு என்றால் இவ்வளவு கவலை எதற்கு? திரையில் மெசேஜ் வந்தால் அது படிக்கவா போகிறது? அந்தத் திரையை நன்றாகத் தெரிந்த ஒருவருக்காகத்தான் இந்த ஜாக்கிரதை.

இரண்டாவது தொடக்கம்: "பழைய பொருள்களின்மீது மனிதனுக்கு ஏற்படும் ஏக்கமானது—"

இப்படி ஆரம்பித்தால் நானே படிக்கமாட்டேன். ஆனாலும் அந்த ஏக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அடைப்புக்குறிக்குள் சொல்கிறேன், பொறுமையில்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

(நம் ஊரில் அந்தக் காலத்து அசல் பெட்டி அநேகமாக யாரிடமும் இருந்ததில்லை. நம்மிடம் இருந்தது நகல். ஆயிரம் ஆட்டம் என்று பெட்டியில் சொருகும் கார்ட்ரிட்ஜின் மேல் போட்டிருக்கும். உள்ளே போனால் அதே பத்து ஆட்டம் வேறு வேறு பெயரில் வரும். இப்போது அசலைச் சுருக்கி விற்கிறார்கள். நம்மிடம் எப்போதுமே இல்லாத ஒன்றின் பொம்மையைக் காசு கொடுத்து வாங்கி, "ஐயோ, எங்க வீட்டுல இருந்ததே" என்று மடியில் வைத்துக் கொஞ்சுகிறோம். எனக்கு இது நல்ல வேடிக்கையாகப் பட்டது. கீழே வரும் பாகீரதியை எழுத ஆரம்பித்த பிறகு வேடிக்கை போய்விட்டது.)

3

பெயர் வைத்துவிட்டேன்: பாகீரதி. வீட்டில் பாகி. அவளுக்கு ஓர் அண்ணன், பத்ரிநாத். ஐந்து வயது மூத்தவன். தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்துவிட்ட குடும்பம். அப்பாவுக்கு மாநிலப் பொதுப்பணித் துறையில் வேலை. அரசாங்கக் குவார்ட்டர்ஸில் ஒரு ஹால், அதில் ஒரு டிவி, டிவிக்கு அம்மா பூவேலை செய்த துணி உறை.

பத்ரி ஏழாவது வகுப்பில் முதலாவதாக வந்ததற்கு அப்பா அந்த நகல் பெட்டியை வாங்கித் தந்தார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். "தங்கையையும் சேத்துண்டு விளையாடணும். இல்லேன்னா கடைக்கே திரும்பப் போயிடும்."

பத்ரிக்கு இரண்டாம் வகுப்புப் பெண்ணோடு விளையாடுவது மானப்பிரச்சினை. அதே சமயம் பெட்டியும் வேண்டும். என்ன செய்தான்? இரண்டாவது கன்ட்ரோலரின் வயரை டிவி உறைக்கு அடியில் விட்டு, முனையைப் பின்பக்கம் இருட்டில் தொங்கவிட்டுவிட்டான். கன்ட்ரோலரைத் தங்கையின் கையில் கொடுத்து, "நான் ஓட்டறேன், நீ குதி" என்றான். திரையில் ஒரு குட்டி மனிதன் ஓடினான், பள்ளம் வந்தால் குதித்தான். ஓட்டியதும் குதித்ததும் பத்ரிதான். ஆனால் ஒவ்வொரு பள்ளத்தைத் தாண்டும்போதும், "சூப்பர் பாகி! என்னமா குதிச்சே!" என்று பாராட்டினான். அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து திருப்தியாகத் தலையாட்டினார்.

அண்ணன் தம்பி உள்ள வீடுகளில் இந்த மோசடி சகஜம் என்று கேள்விப்படுகிறேன். அதனால் இதுவரை புதிதாக ஒன்றும் சொல்லிவிடவில்லை. புதிது இனிமேல்தான்.

அந்த வருஷம் நவராத்திரிக்குக் கொலுப்படி கட்ட டிவியை நகர்த்தினார்கள். உறையை மடித்து வைக்கும் வேலை பாகியுடையது. உறைக்கு அடியிலிருந்து வயரின் முனை எட்டிப் பார்த்தது. எங்கேயும் சொருகவில்லை. அவள் சின்னப் பெண்தான், ஆனால் அசடு இல்லை. முனையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் அதை இருந்தபடியே உறையோடு சுருட்டி வைத்தாள். கொலு முடிந்து டிவி பழைய இடத்துக்கு வந்ததும், அண்ணன் பார்ப்பதற்கு முன்னால் வயரை அதே இருட்டில் அவளே தொங்கவிட்டாள்.

அதற்குப் பிறகும் பல வருஷம் குதித்தாள். இதைப் பற்றி ஒருவரிடமும் சொல்லவில்லை.

4

இனி நான் செய்ய வேண்டிய காரியம் எனக்கே பிடிக்கவில்லை. பத்ரியை நோயாளியாக்க வேண்டும்.

வேறு மாதிரியும் முயன்று பார்த்தேன். ஒரு பிரதியில் அவன் சௌக்கியமாக வெளிநாட்டில் இருந்தான். தங்கை அவன் பிறந்தநாளுக்கு அந்தக் குட்டிப் பெட்டியை அனுப்பினாள். அவன் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டான், எல்லோரும் இதயம் போட்டார்கள், பெட்டி ஷோகேஸுக்குப் போனது. கதை அங்கேயே படுத்துவிட்டது. கடையில் கேட்ட கேள்விக்கும் அதில் இடமில்லை.

ஆகவே: மூளையில் ஒரு கட்டி. எடுக்க முடிந்த அளவு எடுத்தார்கள். மீதி இருக்கிறது, வளர்கிறது. வலது கை விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, கேட்டாலும் தாமதமாகத்தான். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதன். பாகி அவனை எலெக்ட்ரானிக் சிட்டியில் தன் ஃப்ளாட்டுக்கு அழைத்து வந்து, பால்கனி பார்த்த அறையைக் கொடுத்தாள். அடுத்த கொலுவுக்கு அண்ணன் இருப்பானா என்று அவள் கேட்டபோது டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தார்.

அந்தப் பெட்டியை அவள் ஆசையாகத்தான் வாங்கினாள். பெரிய டிவியில் இணைத்து, இரண்டு கன்ட்ரோலரையும் ஒழுங்காகச் சொருகி, முதலாவதை அண்ணன் கையில் கொடுத்தாள். அதே குட்டி மனிதன், அதே இசை. பத்ரி நெடுநாளைக்குப் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஹௌதா! நிஜமாவா! இதுல அந்த மூணாவது ஸ்டேஜ் ரகசிய வழி இருக்குமோ?"

"போய்ப் பாரு. உனக்குத் தெரியாத வழியா?"

முதல் பள்ளத்தில் விழுந்தான். மறுபடி விழுந்தான். மறுபடியும். கட்டை விரலுக்கு அவன் சொல்வது போய்ச் சேர்வதற்குள் குட்டி மனிதன் பள்ளத்துக்குள் போய்விடுகிறான்.*

"பழக்கம் விட்டுப் போச்சு, அவ்வளவுதான்" என்றாள் பாகி.

பத்ரி கன்ட்ரோலரைக் கட்டிலில் வைத்தான். "எடுத்து உள்ள வைம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். ஆப்பரேஷனின்போது அழாத மனிதன் அன்று சத்தமில்லாமல் அழுதான். சாப்பாடு தட்டோடு திரும்பியது. மறுநாளும் அப்படியே. அவனுக்கு மிச்சமிருந்த ஒரே கெட்டிக்காரத்தனத்தையும் தானே பிடுங்கிவிட்டோம் என்று பாகிக்குப் பட்டது. அது திரும்ப வேண்டும், அவன் நிமிர்ந்து உட்கார வேண்டும். அதற்கு எந்தப் பொய் சொல்லவும் அவள் தயார்.

அப்படித்தான் அவள் எஸ்.பி. ரோட்டில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

(* இந்தக் குட்டிப் பெட்டியில், செத்துப்போனால் ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டிச் சாவதற்கு முன்னால் போய் நிற்கும் வசதி உண்டு. இதை பத்ரியின் நோயோடு ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதினேன். நன்றாகவே வந்திருந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டு அடித்துவிட்டேன்.)

5

மறுநாள் சாயங்காலம். கம்பெனிப் பேருந்துகள் மேம்பாலத்தில் வரிசை கட்டும் நேரம். பாகி இரண்டாவது கன்ட்ரோலரின் வயரை டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் விட்டுத் தொங்கவிட்டாள். துணி உறை போட்ட டிவி எங்கே இருக்கிறது இப்போது? ஆனால் கை அந்த வேலையைத் தெரிந்துவைத்திருந்தது.

"பத்ரி, எழுந்திரு. தனியா விளையாட போர் அடிக்கறது."

"என்னால ஆகாது பாகி. பாத்தியோன்னோ."

"ரெண்டு பேரும் சேந்து விளையாடலாம். கஷ்டமே இல்ல." அந்த இரண்டாவது கன்ட்ரோலரை அவன் கையில் வைத்தாள். அடுத்த வார்த்தை அவள் யோசித்துச் சொன்னதல்ல. வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. "நான் ஓட்டறேன், நீ குதி."

சொன்ன பிறகுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடைக்காரரிடம் அத்தனை விசாரித்தாள், லைட்டைக் கேட்டாள், மெசேஜைக் கேட்டாள். கடைசியில் தன் வாயாலேயே காட்டிக்கொடுத்துவிட்டாள். உலகத்தில் இந்த வாக்கியத்தை வைத்து உண்மையைக் கண்டுபிடிக்கக் கூடியவன் ஒரே ஒருவன். அவன் எதிரே உட்கார்ந்திருக்கிறான்.

பத்ரி டிவி ஸ்டாண்டைப் பார்க்கவில்லை. கன்ட்ரோலரைத்தான் பார்த்தான். பிறகு கட்டை விரலைப் பொத்தான்மேல் வைத்தான்.

குட்டி மனிதன் ஓடினான். பள்ளம் வந்தது. தாண்டினான்.

"சூப்பர் பத்ரி!" என்றாள்.

6

இந்த இடத்துக்கு மூன்று முடிவுகள் எழுதிவைத்திருந்தேன்.

அ) பத்ரிக்கு எதுவும் தெரியவில்லை. கட்டி அந்த நினைவையும் தின்றுவிட்டது. தினமும் சந்தோஷமாகக் குதிக்கிறான். (கருணையான முடிவு. ஆனால் பாகி சின்ன வயதில் செய்ததை அவள் சாகும்வரை தனியாகச் சுமக்க வேண்டும். அது எனக்குச் சம்மதமில்லை.)

ஆ) பத்ரிக்குத் தெரிந்துவிடுகிறது. "என்னை என்ன பச்சைக் குழந்தைன்னு நினைச்சியா!" என்று கன்ட்ரோலரைத் தூக்கி அடிக்கிறான். அவள் காலில்— (இல்லை. இவன் அப்படிப்பட்டவன் இல்லை. நான் நாடகம் போடப் பார்க்கிறேன்.)

மூன்றாவதை நான் எழுதவில்லை, அவர்களே பேசிக்கொண்டார்கள் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்கிற பொய் அது. சரி, நான்தான் எழுதினேன். ஆனால் ஒரே மூச்சில் எழுதினேன், அப்புறம் கை வைக்க மனசு வரவில்லை.

இ) நாலைந்து பள்ளம் தாண்டியபின், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பத்ரி கேட்டான்.

"நீ எப்ப கண்டுபிடிச்சே?"

அவள் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. "கொலுவுக்கு டிவிய நகத்தறச்சே."

"அந்த முதல் வருஷமேவா?"

"ஆமாம்."

"அப்புறமும் அவ்வளவு நாள் விளையாடினியே. அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமோன்னோ."

"சொன்னா பொட்டியத் திருப்பிக் குடுத்துடுவார். நீ கிரிக்கெட் ஆடப் போயிடுவே." குட்டி மனிதனை அவள் கை எங்கேயோ ஓட்டிக்கொண்டிருந்தது. "பொத்தான் வேலை செஞ்சா என்ன, செய்யாட்டா என்ன. உன் பக்கத்துல உக்காரணும், அவ்வளவுதான் எனக்கு."

பத்ரியின் வலது கட்டை விரல் பொத்தானை மெதுவாக அமுக்கிக்கொண்டிருந்தது.

"எனக்கும் இப்ப அதேதான்" என்றான்.

பாகி அழுதாள். வாய்விட்டு அழுதாள். அவள் அழுவதைப் பார்க்க முடியாமல் அவன் இடது கையால் அவள் தலையைத் தொட்டான். சின்ன வயதில் ஒருநாளும் செய்யாத காரியம்.

7

இங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிட்டு எழுந்திருக்கலாம். என் மனைவி ருக்கு படித்துவிட்டு அதைத்தான் சொன்னாள். "இதோட நிறுத்துங்கோ. இதுக்கு மேல எழுதினா கெடுத்துடுவேள்."

கெடுக்கத்தான் போகிறேன். ஏனென்றால் அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் திரையை யாரும் பார்க்கவில்லை. குட்டி மனிதன் ஏதோ ஒரு பள்ளத்தில் விழுந்தான். இருந்த உயிர்களெல்லாம் தீர்ந்தன. ஆட்டம் முடிந்து பெட்டி பழையபடி முதல் பக்கத்துக்கு வந்து நிற்கிறது. அதில் இரண்டே வரி. ஒருவர் ஆடுவது, இருவர் ஆடுவது. முதல் வரிக்குப் பக்கத்தில் அம்புக்குறி மினுக்கிக்கொண்டிருக்கிறது.

பாகி முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டாண்டுக்குப் பின்னால் கையை விட்டு வயரின் முனையை வெளியே எடுத்துவிட்டாள். இனி ஒளிக்க ஒன்றுமில்லை. "சொருகட்டுமா?" என்று கேட்கிறாள்.

சொருகினால் பத்ரி நிஜமாகவே ஆடுவான், முதல் பள்ளத்திலேயே விழுவான். இந்த முறை சிரித்துக்கொண்டு விழுவானா, சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவானா, எனக்குத் தெரியாது. சொருகாவிட்டால் குட்டி மனிதன் எல்லாப் பள்ளத்தையும் தாண்டுவான், பக்கத்தில் இருவரும் தெரிந்தே உட்கார்ந்திருப்பார்கள், நாள் வரும்வரை. எது அன்பு, எது அவமரியாதை என்று நானும் பல வாரமாகப் பார்க்கிறேன். பத்ரியின் வாயில் "சொருகு, விழுந்தா விழறேன்" என்று ஒருநாள் எழுதினேன். "இப்படியே இருக்கட்டும்" என்று இன்னொருநாள் எழுதினேன். இரண்டையும் அவன் குரலிலேயே கேட்க முடிகிறது. அவனுக்கு நோயைக் கொடுத்தவன் நான். இதையும் நானே முடிவு செய்வது நியாயமாகப் படவில்லை.

அதனால் பாகி கேட்ட கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன். வயர் அவள் கையில் இருக்கிறது. பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கொஞ்சம் யோசித்தே சொல்லுங்கள், ஆனால் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்ரி பொத்தான்மேல் கட்டை விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான்.