வெறும் ஃப்ளாஷ்

சேக்காடு வட்டாரத்தில் மேடையேறி ஒருவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டுமென்றால் அதற்கு ஒரு முறை இருந்தது. துணியைப் பிரித்து எதிராளியின் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனதும் அப்படியே நின்றுவிட வேண்டும். போர்த்துகிறவர், போர்த்திக்கொள்கிறவர், பக்கத்தில் மாலையோடு காத்திருக்கிறவர் எல்லோரும் கீழே பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, ஃப்ளாஷ் அடிக்கும். அடித்த பிறகுதான் துணி தோளில் விழும். சார்ஜ் ஏறத் தாமதமானால் அதுவரைக்கும் நிற்க வேண்டியதுதான். ஒரு தடவை வயலின்காரர் ஒருவர் இப்படி நின்று நின்று கழுத்து பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்க்க முடியாமல் கச்சேரியையே பாதியில் முடித்துக்கொண்டார்.

இந்த முறையைக் கொண்டுவந்த புண்ணியவான் பக்தவத்சலம். ஆவடித் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நவரச கலா மன்றத்துக்கு அவர்தான் செயலாளர், அவரை விட்டால் வேறு யார் என்று ஊரே விட்டுவிட்டது. படத்தில் வராத விழா நடக்காத விழா என்பது அவர் கட்சி. கீழே நின்று ஃப்ளாஷ் அடித்த உத்தமன் அவருடைய ஒரே மகள் நாகவல்லியின் புருஷன், வீட்டோடு மாப்பிள்ளை. கடைத்தெருவில் வல்லி ஸ்டூடியோவை வைத்துக் கொடுத்ததும் அவர்தான், உத்தமன் தோளில் தொங்கிய கேமராவை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அதை ஒரு நாளும் அவர் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். சாப்பிட உட்கார்ந்தால் நல்ல மீன் துண்டாகப் பார்த்து மருமகன் தட்டில் வைக்கிற மனுஷரோடு எப்படிச் சண்டை போடுவது?

ஆக, வாரம் தவறாமல் விழா. குவார்ட்டர்ஸில் பொங்கல் விழா, பட்டாபிராமில் மெல்லிசை, அம்பத்தூரில் பட்டிமன்றம், எவர் வீட்டுப் பெண்ணோ சலங்கை கட்டினால் அதற்கு ஒரு விழா. எங்கே போனாலும் பொன்னாடை, மாலை, குத்துவிளக்கு, மைக் மறைத்த அரை முகம். பாடுகிறவள் கண்ணை மூடி ஒரு சங்கதியை இழுக்கும்போது உத்தமனின் கேமரா தானாக அந்தப் பக்கம் திரும்பும். உடனே மேடையிலிருந்து ஒரு இருமல் வரும். பக்தவத்சலம் இரண்டு விரலை நீட்டி, இங்கே என்று காட்டுவார். உத்தமன் திரும்பிவிடுவான். பத்து வருஷமாகத் திரும்பிக்கொண்டே இருந்தான்.

ஒரே ஒரு தடவை திரும்பவில்லை. எண்பத்தாறாம் வருஷ ஆடி மாதத்தில், பட்டாபிராமில் ஒரு கூத்து. பீமன் வேஷக்காரர் கதாயுதத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கிரீடமும் மீசையுமாகக் குந்தி உட்கார்ந்து, பீடிக்கு நெருப்புத் தேடிக்கொண்டிருந்தார். அதை எடுத்தான். இருட்டறையில் கழுவியவள் நாகவல்லி. கடையில் எல்லாப் படமும் அவள் கையால்தான் கழுவப்படும். ஈரப் படத்தைத் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தவள், அவனிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் அதை மவுண்ட் ரோடு வாரப் பத்திரிகை ஒன்றுக்குத் தபாலில் சேர்த்துவிட்டாள்.

படம் வெளிவந்தது. பத்திரிகையின் ஆசிரியர் உலகநாதன் கூப்பிட்டு அனுப்பினார். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர்களுடைய நிருபர் தெற்கே திருவிழாக்களைச் சுற்றக் கிளம்புகிறார், நீயும் அவரோடு போ, படங்கள் இதே மாதிரி இருந்தால் வேலை உனக்குத்தான் என்றார். நீ வரவில்லையென்றால் இன்னொருத்தன் போவான், அதற்கப்புறம் என்னைக் குறை சொல்லாதே என்றும் சொன்னார். உத்தமனுக்கு அன்றைக்குப் பஸ்ஸில் உட்காரவே இருப்புக் கொள்ளவில்லை. அம்பத்தூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தான்.

நாகவல்லிக்கும் சந்தோஷம்தான். கடையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். படம் எடுக்கவும் கழுவவும் அவளுக்குத் தெரியாததா என்ன? அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நைனா கிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா பொண்டாட்டிய உட்டுக் கேட்டான்னு ஆயிடும். உன் வாயால ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். உத்தமனுக்கு ஆண்டவன் கண்ணைக் கொடுத்திருந்தான், வாயைக் கொடுக்கவில்லை. காலையில் காப்பி குடிக்கும்போது சொல்லலாம் என்று போவான். மாமனார் மன்றத்தின் ஆண்டு விழா ஏற்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். சாயங்காலம் சொல்லலாம் என்பான். சாயங்காலம் அவர் மருமகனுக்குப் பிடிக்குமென்று சூடாகப் பக்கோடா வாங்கிக்கொண்டு வந்து நிற்பார். பக்கோடாவைத் தின்றுகொண்டே, உங்கள் கடையும் வேண்டாம், உங்கள் மன்றமும் வேண்டாம் என்று எந்த நாக்கு சொல்லும்? தானாகப் போக முடியாதவனுக்குக் கடைசியில் ஒரு குறுக்கு வழி தோன்றியது. அவரே பிடித்து வெளியே தள்ளிவிட்டால்?

விழாப் படம் எடுக்கிறவர்களுக்குள் ஒரு தந்திரம் உண்டு. மேடையில் சம்பந்தமே இல்லாமல் ஏறி நின்று, என்னை ஒன்று எடு, என்னை ஒன்று எடு என்று பிடுங்குகிறவர்களுக்கு ஃபிலிமை வீணாக்க மாட்டார்கள். கேமராவைத் தூக்கி ஃப்ளாஷை மட்டும் அடித்துவிடுவார்கள். வெறும் ஃப்ளாஷ். வாங்கியவர் திருப்தியாக இறங்கிப் போவார். உத்தமன் அந்த அல்வாவை ஒரு விழா முழுக்கக் கொடுப்பதென்று முடிவு கட்டினான். ஆண்டு விழா, தெற்கே கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிறு. மன்றத்தின் பெரிய விழாவில் ஒரு படம்கூட இல்லையென்றால் பக்தவத்சலம் அவன் முகத்தில் விழிப்பாரா? கேமராவைப் பிடுங்கிக்கொள்வார், நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குவார். வாங்கட்டும். அடுத்த ஞாயிறு மவுண்ட் ரோட்டுக்குப் போய்விடலாம்.

அப்படியே செய்தான். கேமராவில் ஃபிலிம் இல்லை. விழா ராத்திரி தடபுடலாக நடந்தது. தொழிற்சாலையின் பெரிய அதிகாரி விளக்கேற்றினார்; ஒரு ஃப்ளாஷ். அவருக்கு மாலை; ஒரு ஃப்ளாஷ். வரவேற்புரை சொன்னவருக்கு ஒன்று, நன்றியுரைக்கு ஒன்று. நசரத்பேட்டையிலிருந்து பம்பைக்காரர் துலுக்கானம் வந்திருந்தார். அம்மன் கோயில் வாசலில் அடித்தே காலம் போன மனுஷர், மேடையென்று ஏறியது அன்றைக்குத்தான். பொன்னாடையோடு அவரை நிறுத்தியபோது அவருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. உத்தமன் தன் கையைத் தூக்கி, இங்கே பாருங்கள் என்று காட்டினான். அவரும் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் வெறும் ஃப்ளாஷ்தான் கிடைத்தது. உத்தமனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது, ஆனாலும் கை நிற்கவில்லை.

பெண்கள் பக்கம் முன் வரிசையில் நாகவல்லி உட்கார்ந்திருந்தாள். அந்தக் காலத்துக் கேமராவில் ஃபிலிம் இருந்தால், வலப்பக்க லீவரை இழுக்கும்போது இடப்பக்கத்துக் குமிழும் சுழலும். ஃபிலிம் இல்லையென்றால் குமிழ் அசையாது. தொழில் தெரிந்தவர்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார்கள். உத்தமன் அன்றைக்கு மேடையைப் பார்த்தான், முன் வரிசையைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை படம் கேட்டு மாமனார் ஸ்டூடியோவுக்கு வந்தார். உத்தமன் மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததைச் சொன்னான். ஃபிலிம் போட மறந்துவிட்டேன், ஒரு படமும் இல்லை. சொல்லிவிட்டு அடியை எதிர்பார்க்கிறவன் மாதிரி நின்றான்.

பக்தவத்சலம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் எழுந்து போய்க் கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தார்.

"இத வெளிய எங்கயும் சொல்லிடாதீங்க மாப்ளே. கழுவற மருந்து கெட்டுப்போச்சு, நான்தான் பழைய மருந்த வாங்கியாந்து குடுத்துட்டேன்னு சொல்லிக்கறேன். நம்ம ஊட்டுப் புள்ளய ஊர் முன்னாடி உட்டுக் குடுக்க முடியுமா?"

திட்டிவிடக் கூடாதா இந்த மனுஷர்? ஒரு கெட்ட வார்த்தை, ஒரே ஒரு கெட்ட வார்த்தை சொன்னால் பிழைத்துப் போவேனே என்று உத்தமனுக்கு இருந்தது. அவரோ அதற்குள் உலாவ ஆரம்பித்துவிட்டார். யோசனை வந்துவிட்டால் அவருக்கு உட்கார முடியாது. விழாவைத் திரும்ப நடத்திவிடலாம் என்றார். எல்லோரையும் கூப்பிட்டு, அதே பேனரைக் கட்டி, அதே பொன்னாடைகளைத் திரும்ப வாங்கி, முதலிலிருந்து படத்துக்காக ஒரு தடவை. மண்டபம் ஞாயிற்றுக்கிழமை காலை காலியாக இருக்கிறது என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று நின்றார்.

"ஞாயித்துக்கெழம காலைல உங்களுக்கு வேற ஜோலி எதுனா கீதா மாப்ளே?"

இருட்டறைக் கதவோரம் நாகவல்லி வந்து நின்றிருந்தாள். கை இரண்டும் ஈரம். புருஷன் முகத்தையே பார்த்தாள். கேள்வி முழுசாக வந்து நடுவில் நிற்கிறது, பதிலை எடுத்து வைக்க வேண்டியதுதான் பாக்கி. உத்தமன் வாயைத் திறந்தான்.

"இல்ல மாமா," என்றான்.

நாகவல்லி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க அவள் அவனிடம் மவுண்ட் ரோடு பேச்சையே எடுக்கவில்லை.

ஞாயிறு காலை மண்டபத்து ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி ராத்திரி ஆக்கினார்கள். போன வாரத் தேதி போட்ட பேனரே மறுபடி ஏறியது. மேடையேறுகிற பெண்கள் போன வாரத்துப் புடவையையே கட்டிக்கொண்டு, அதே நகையோடு வந்திருந்தார்கள். பெரிய அதிகாரி டில்லிக்குப் போய்விட்டார். அதனால் என்ன? பந்தல்காரர் திருவேங்கடத்துக்கும் அதே பருமன், அதே வழுக்கை. அவருக்கு ஒரு கோட்டை மாட்டிவிட்டு, முதுகுப் பக்கமாக எடுக்கச் சொன்னார் பக்தவத்சலம். திருவேங்கடம் உண்மையான அதிகாரியைவிட நிதானமாக விளக்கேற்றினார். கூட்டம் வரவில்லை, படத்துக்குக் கூட்டம் வேண்டுமென்று யாரும் கேட்கவும் இல்லை. காலி நாற்காலிகளின் முன்னால் ஒருவர் வரவேற்புரையைத் திரும்பப் படித்தார், கை தட்ட வேண்டிய இடத்தில் தானே நிறுத்திக் காத்திருந்தார்.

துலுக்கானம் இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். பொன்னாடையைப் போன வாரம் கொடுத்த அதே பிளாஸ்டிக் உறையில், குண்டூசி குத்தினபடி கொண்டுவந்து நீட்டினார். ஒரு தடவைகூடப் பிரிக்கவில்லை போலிருக்கிறது. படம் எடுக்கும்போது பம்பையைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்று அவரிடம் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை.

"கை சும்மா கீற மாதிரி படத்துல வந்துரக் கூடாது அண்ணாத்தே," என்று உத்தமனிடம் சொல்லிவிட்டு, கேட்க ஆளில்லாத மண்டபத்தில், வேர்வை ஊற்ற ஊற்ற அடித்தார்.

உத்தமன் எடுத்தான். இந்தத் தடவை ஃபிலிம் இருந்தது. இருமல் வந்தும் திரும்பாமல் அவர் கையை எடுத்தான், தாடையில் வழிந்த வேர்வையை எடுத்தான். எடுத்து என்ன? மண்டபத்துக்குப் பின்னால் தண்டவாளம். சென்ட்ரலுக்குப் போகிற வண்டி ஒன்று ஊதிக்கொண்டு போனது. நிருபர் கிளம்புவதற்குள் பத்திரிகை ஆபீஸுக்குப் போய்ச் சேர அதுதான் கடைசி வண்டி. சத்தம் தேய்கிற வரைக்கும் உத்தமன் லீவரைப் பிடித்தபடி நின்றான். அழுகை வந்தது. ஃப்ளாஷ் வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டான்.

எல்லாம் முடிந்தது என்று பெட்டியைக் கட்டப் போனபோது பக்தவத்சலம் மைக்கைப் பிடித்தார். போன வாரம் இல்லாத நிகழ்ச்சி ஒன்று பாக்கி இருக்கிறது என்றார். பத்து வருஷமாகக் கீழேயே நிற்கிற ஒரு கலைஞரை நாம் யாரும் மேடையேற்றவில்லை, அது நம் தப்பு என்றார். உத்தமன் வேண்டாம் மாமா, வேண்டாம் மாமா என்று பின்வாங்க, திருவேங்கடமும் துலுக்கானமும் ஆளுக்கொரு கையைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டார்கள். மாமனார் பட்டுப் பொன்னாடை ஒன்றைப் பிரித்தார். அவர் சொந்தப் பெட்டியிலிருந்து கொண்டுவந்த புதுசு.

"எம் புள்ளைன்னு சொல்லிக்கறதுல எனக்குப் பெருமை," என்றார். "இந்த மன்றம் இருக்கற வரைக்கும் இவரும் இருப்பாரு."

துணி கழுத்துக்குப் பின்னால் வந்து நின்றது. எல்லோரும் வழக்கப்படி கீழே பார்த்துச் சிரித்தார்கள். கீழே யாரும் இல்லை. அப்போதுதான் பக்தவத்சலத்துக்கு ஞாபகம் வந்து, வல்லி, நீ வந்து எடும்மா என்று மகளைக் கூப்பிட்டார்.

காலி நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து நாகவல்லி எழுந்து வந்தாள். மேடை விளிம்பில் அவன் வைத்துவிட்டுப் போன கேமராவை எடுத்தாள். முடிந்திருந்த ரோலைச் சுற்றிக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, பையிலிருந்து புது ரோல் ஒன்றைப் போட்டு மூடினாள். அவசரமே படவில்லை. மேடையில் மாமனாரும் மருமகனும் துணியைப் பிடித்தபடி, சிரித்தபடி நின்றார்கள். அவள் மேடைக்குக் கிட்டே, உத்தமன் பக்கமாக வந்து நின்று கேமராவை உயர்த்தினாள். இடப்பக்கத்துக் குமிழ் அவன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி திருப்பிப் பிடித்துக்கொண்டு லீவரை இழுத்தாள். குமிழ் சுழன்றது.

"பாத்துக்கினியா? இந்த தபா சுத்துது," என்றாள். "ஆடாம நில்லு."

உத்தமன் ஆடாமல் நின்றான்.