பின்பாதியின் சங்கு

‘வில்லோ ஃபோர்க்’ யுத்தத்துக்காக அவசர அவசரமாகக் கட்டிய எண்ணெய்க் கப்பல். வெல்டிங் வைத்து ஒட்டிய உடம்பு. யுத்தம் முடிந்த பிறகும் அதற்கு ஓய்வில்லை. போர்ட் ஆர்தரில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு பாஸ்டன் போவோம், இறக்கிவிட்டுத் திரும்புவோம்.

அதில் நான் சமையல்காரன். என் அடுப்பு, சாப்பாட்டு அறை, இயந்திரம், புகைபோக்கி எல்லாம் பின்பக்கம். கேப்டன் மத்தீசனும் அவருக்குக் கீழே இருக்கும் அதிகாரிகளான மேட்டுகளும் தங்கும் கட்டடமும் வயர்லெஸ்ஸும் கப்பலின் நடுவில். இடையில், எண்ணெய்த் தொட்டிகளுக்கு மேலே ஒரு நடைபாலம். சாப்பாட்டுக்கு அவர்கள் அதன் வழியாகத்தான் வந்து போக வேண்டும்.

அந்த ஜனவரிக் காலையில், பாஸ்டனுக்குப் பக்கத்தில் காட் முனைக்கு வெளியே பனிப்புயல். மூன்றாவது மேட் ஹார்லன் டிபெட்ஸ் காவல் மாற்றக் கிளம்பினான்.

“இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கயேன் தம்பி” என்றேன்.

“ஆளை விடு லூசியன். லேட்டாப் போனா ஓரின் என்னையே தின்னுருவாரு.”

ஓரின் பெக் தலைமை மேட். நடுக்கட்டடத்தில் இவனுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

ஹார்லன் பாலத்தில் பாதி தூரம்கூடப் போயிருக்க மாட்டான். பீரங்கி வெடித்தது போல ஒரு சத்தம். அடுப்பிலிருந்த சட்டி எகிறி விழுந்தது. வெளியே ஓடினேன். ஹார்லன் கைகளை ஊன்றித் தவழ்ந்து வந்துகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் பாலம் இல்லை. கேப்டனும் ஓரினும் இன்னும் சிலரும் இருந்த முன்பாதி, மூக்கைத் தூக்கிக்கொண்டு தனியே விலகிப் போனது. மின்சாரம் எங்கள் பக்கத்திலிருந்துதான் அங்கே போகும். அங்கே விளக்குகள் அணைந்தன. வயர்லெஸ் அவர்களிடம், கரண்ட் எங்களிடம். இரண்டு பக்கமும் ஊமை.

பின்பாதியில் மிஞ்சிய ஒரே மேட் ஹார்லன். பின்தளத்தில் இருந்த அவசரச் சுக்கானுக்கு ஆள் போட்டு, உடைந்த பக்கம் அலையில் மோதாதபடி திருப்பி வைத்தான். முன்பாதியை நெருங்கிப் பார்த்தோம். அலை எங்களைத் தூக்கி அதன் மேலேயே எறியப் பார்த்தது. விலகினோம். பனி நடுவில் வந்து அதை மறைத்துவிட்டது.

“நீராவிச் சங்கை ஊதுங்க. நிறுத்தாம, விட்டு விட்டு ஊதிக்கிட்டே இருங்க” என்றான் ஹார்லன்.

மதியத்துக்கு மேல் தலைமை இன்ஜினியர் வர்ஜில் மேலே ஏறி வந்தார். முகமெல்லாம் எண்ணெய்க் கறை.

“ஒவ்வொரு ஊதலுக்கும் என் பாய்லர் தண்ணி ஆவியாப் போகுது. தீர்ந்தா கடல் தண்ணிய ஊத்தி அதைப் பாழாக்கச் சொல்றியா?”

“நாம இங்கதான் இருக்கோம்னு அவங்களுக்குத் தெரியணும் சீஃப்.”

“கேக்குதுன்னு உனக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. ஆனா நிறுத்த மாட்டேன்.”

வர்ஜில் அவனை முறைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “குளிக்கிற தண்ணி, பாத்திரம் கழுவுற தண்ணி எல்லாம் இனி பாய்லருக்கு. காபியையும் குறைச்சுக்க. இந்தப் பைத்தியக்காரனுக்கு சங்கு வேணுமாம்.”

மறுநாள் ஒரு காவல் கப்பல் எங்களைக் கண்டுபிடிக்கும்வரை சங்கு ஓயவில்லை. முன்பாதியையும் கண்டுபிடித்தார்கள். ஓரினும் மூன்று பேரும் உயிரோடு இருந்தார்கள். கேப்டன் இல்லை.

பின்பாதியில் இயந்திரம் நன்றாக இருந்தது. முதலாளிகள் அதைத் தூக்கி எறிய விரும்பவில்லை. பால்டிமோர் கப்பல் கட்டும் தளத்தில் புது முன்பாதி ஒன்று செய்து அதோடு ஒட்டினார்கள். வசந்தத்தில் எங்களைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டார்கள். தளத்து வாசலில் ஓரின் நின்றுகொண்டிருந்தார். குளிரில் உறைந்து அவருக்கு இரண்டு விரல் போயிருந்தது.

ஹார்லனிடம் அவர் கேட்ட முதல் கேள்வி: “ஏம்ப்பா நிறுத்துனீங்க?”

“எதை?”

“சங்கை. மதியம் வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் ஒண்ணுமில்ல. ‘நம்மள விட்டுட்டுப் போயிட்டானுங்க’ன்னு கேப்டன் சொன்னாரு. அன்னிக்கு ராத்திரிதான் அலை அவரை இழுத்துட்டுப் போச்சு.”

நான்தான் சொன்னேன்: “நிறுத்தவே இல்ல ஓரின். மறுநாள் வரைக்கும் ஊதினோம். வர்ஜில் குடிதண்ணியக்கூட விட்டுவைக்கல. காத்து திரும்பியிருக்கும்.”

“கேப்டன் சம்சாரத்துகிட்ட அவர் சொன்னதை அப்படியே சொல்லித் தொலைச்சிட்டேனே” என்றார் ஓரின். பிறகு, “வாங்க” என்று எங்களை பஸ்ஸில் ஏற்றினார்.

திருமதி மத்தீசன் கதவைத் திறந்தார். ஓரின் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள் ஹார்லனை மேலும் கீழும் பார்த்தார்.

“நீதானா அது? தினம் காலையில எழுந்ததும் உன்னைத்தான் திட்டுவேன். பேர்கூடத் தெரியாம திட்டுவேன்.”

“திட்டுங்கம்மா. அவருக்குக் கேக்கலையே.”

“காத்துக்கு நீ என்ன பண்ணுவ? உள்ள வா. ஏதாவது சாப்பிட்டியா?”

புயலில் கலங்காத பையன் அந்தச் சமையலறை மேசையில் தலை கவிழ்ந்து அழுதான். நாங்கள் இருவரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் கப்பல் தெற்கே கிளம்பியது. ஓரின் கேப்டன், ஹார்லன் இரண்டாவது மேட். புது முன்பாதியில் பெயிண்ட் வாடை போக ரொம்ப நாளானது.