துணி பிளாஸ்திரி

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். நீலகிரியில் அரவேணுவுக்கு மேலே இருந்த ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஆஸ்பத்திரியில், காயங்களுக்குக் கட்டுப் போடும் வேலை ஆபிதாவுக்கு. பனிக்காலம் வந்தால் கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு ஆள்காட்டி விரல் வெடித்துவிடும். அதன் மேல் துணி பிளாஸ்திரியைச் சுற்றிவிட்டால் சாயங்காலம்வரை அசையாது. பசை எல்லாப் பட்டையிலும்தான் இருக்கிறது. பனியிலும் இலைச்சாற்றிலும் ஊறி ஊறித் தாங்குவது அதன் முதுகில் இருக்கும் துணி. அது அவளுக்குத் தொட்டே தெரியும்.

தெரிந்ததுதான் வினையாயிற்று. குன்னூர் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த அக்கா நஜ்முன்னிசா வீட்டில் நிக்காஹ். நாலு நாள் இருக்கும்போது ஆபிதாவின் ஒரே நல்ல புடவை டிரங்குப் பெட்டியின் விளிம்பில் மாட்டிச் சாண் நீளம் கிழிந்தது. தைத்தால் தையல் தெரியும். அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள். பேசாமல் கடையிலிருந்து ஒரு புடவையை எடுத்து மடியில் வைப்பாள். அதைத்தான் ஆபிதாவால் தாங்க முடியாது. ஆஸ்பத்திரியின் பிளாஸ்திரிச் சுருளில் ஒரு துண்டு வெட்டிவந்து புடவையின் உள்பக்கம் ஒட்டி, வெந்நீர்ச் சொம்பால் தேய்த்தாள். கிழிசல் வாயை மூடிக்கொண்டது. நிக்காஹ்வில் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த வாரம் முந்தானை, பிறகு குடை, பிறகு மழைக்கு மாட்டும் கோணி. ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று சொல்லிக்கொண்டே வெட்டினாள்.

ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாயிருந்த டிரஸ்ஸர் ஞானசீலன் ஒருநாள் தகர டப்பாவைத் திறந்தார். கிறிஸ்துமஸ் தாண்டியும் போதவேண்டிய சுருள் வெறும் அட்டையாகக் கிடந்தது. லைன் வீடுகளில் இருக்கும் கொழுந்து பறிக்கும் பெண்கள் காயம் இல்லாமலேயே வந்து சுற்றிக்கொண்டு போகிறார்கள் என்று அவரே முடிவு கட்டினார். மிச்சமிருந்த ஒரே சுருளை அலமாரியில் வைத்துப் பூட்டினார். இனி அவர்களுக்கு, ஃபாக்டரியில் தேயிலைப் பெட்டிக்கு ஒட்டும் காகிதப் பட்டைதான். நீங்கள் கண்ணும் கருத்துமாக இருந்ததால்தான் இவ்வளவாவது தப்பித்தது என்று ஆபிதாவைப் பார்த்துச் சொன்னார்.

வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் பேசாமல் இருந்ததாக அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து யோசித்தபோது அதுவும் பொய் என்று தெரிந்தது. அவர் அப்படிச் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது.

காகிதம் சுற்றிய முதல் நாள் மூக்கம்மா விரலைத் தூக்கிக் காட்டினாள். "பெட்டிக்கு ஒட்டுததை எனக்கு ஒட்டிட்டிய. என்னையும் சீமைக்குக் கப்பல்ல ஏத்திருவியளோ?" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆபிதாவும் சிரித்தாள்.

நாலாம் நாள் அதே மூக்கம்மா விரலை இன்னொரு கையில் ஏந்திக்கொண்டு வந்தாள். காகிதம் பனியில் கூழாகி வெடிப்புக்குள் போயிருந்தது. விரல் வீங்கி, நகத்தடியில் கறுத்திருந்தது. விரல் ஆறாவிட்டால் லைன் வீட்டைக் காலி செய்யும்படி கங்காணி சொல்லிவிட்டாராம். திருநெல்வேலிப் பக்கம் போய் நிற்க அவளுக்கு யாரும் இல்லை. ஞானசீலன் கீறிச் சீழை எடுத்துப் பஞ்சு வைத்துவிட்டு, மறுபடியும் காகிதப் பட்டையை நனைத்தார். துணி போட்டால் பிழைத்துக்கொள்வேன் என்று மூக்கம்மா கெஞ்சினாள். காயமில்லாமல் சுற்றிக்கொண்டு போனபோது அது தெரியவில்லையா என்று கேட்டார் அவர்.

"அவிய யாரும் எடுக்கலீங்க அய்யா," என்றாள் ஆபிதா. "நாந்தானுங்க எடுத்தேன்."

ஞானசீலன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "உங்களுக்கு எரக்கம் ஜாஸ்தி, ஆபிதாம்மா. அதுக்காக ஊர்ப் பழியைத் தலையில தூக்கி வெச்சுக்காதீங்க."

வாசலில் நின்ற பெண்கள் அவளை நன்றியோடு பார்த்தார்கள். மூக்கம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க நல்லா இருக்கணும்மா," என்றாள்.

இப்போது வாயை மூடிக்கொண்டால் போதும். உண்மையைச் சொன்னவளாகவும் ஆகலாம், நல்லவளாகவும் இருந்துவிடலாம். அந்த எண்ணம் எவ்வளவு சுலபமாகத் தனக்குள் வந்தது என்பதை நினைக்கவே ஆபிதாவுக்கு உடம்பு கூசியது. விடுவிடுவென்று பின்னாலிருந்த தன் வீட்டுக்குப் போய்ப் புடவையை எடுத்துவந்தாள். மருந்து மேஜையின் மேல் உள்பக்கம் தெரிய விரித்தாள். ஏழெட்டுப் பட்டைகள், ஓரங்கள் அழுக்கேறி, வரிசையாக ஒட்டியிருந்தன.

யாரும் திட்டவில்லை. ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுத் தன் விரலைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். ஞானசீலன் சாவியை எடுத்து அலமாரியைத் திறந்தார்.

அவர் சுருளை வெளியே எடுத்ததும், பழக்கத்தில் ஆபிதா கத்தரியோடு முன்னால் வந்தாள். மூக்கம்மா விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நீங்களே போட்டுருங்கய்யா."

துணி பிளாஸ்திரி சுற்றிப் பழகாத கை அவருக்கு. பட்டை கோணலாகச் சுற்றிக்கொண்டு போனது. நுனியை உள்பக்கம் மடித்துவிட்டால்தான் கொழுந்து உரசும்போது கிளம்பாது என்று ஆபிதாவுக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தாள்.  கத்தரியைக் கீழே வைப்பதா, பிடித்துக்கொண்டே இருப்பதா என்று தெரியாமல் நின்றாள்.