கிழிந்த பாயைப் பற்றி ஒரு மறுப்பு

1

அந்த அறையில் இருந்தவர்கள்: இறந்துபோன ஃபெலெட்டி, பத்திரிகை ஆசிரியர், வயது அறுபத்தொன்று. அவன் தலைமாட்டில் அவனுடைய அக்கா அகனேசி. கால்மாட்டில் அவன் மகள் சிசிலியா. பத்திரிகையை இப்போது நடத்துபவள். கதவோரம் கேமராவுடன் லிசியாதே, அதே பத்திரிகையின் படக்காரன். பிறகு உள்ளே வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் இளவரசி லோசலினே. மற்றவன் அவருக்காகப் பேச உடன்வந்த பெனிசிமானி, அரண்மனைப் பேச்சுக்காரன், அகனேசிக்குச் சித்தப்பா மகன். வேறு யாரும் இல்லை. 'நானும் அங்கேதான் இருந்தேன்' என்று சந்தையில் சொல்லிக்கொண்டு திரியும் நாற்பது பேரும் வெளியே மழைக்கு ஒதுங்கி நின்றவர்கள்.

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு மறுப்பு எழுத உட்கார்ந்தேன். நாலு வரியில் முடிந்திருக்க வேண்டியது.

அகனேசி என்பது நான்தான். ஆனால் 'நான்' என்று எழுத வரவில்லை. ஒன்பது தலைமுறையாக அரசருக்காகப் பேசிய குடும்பம் எங்களுடையது. காவா என்ற வேர்ச்சாறு பரிமாறும் சபையில் அரசர் வாய் திறக்க மாட்டார். எங்கள் ஆட்கள் பேசுவார்கள். அப்படிப் பேசுகிறவர்களுக்கு 'நான்' கிடையாது. ஆகவே அவளை அகனேசி என்றே எழுதுகிறேன். செய்ததற்கு அவள் பொறுப்பு, எழுதியதற்கு நான் பொறுப்பு.

தீவை வரைபடத்தில் கொஞ்சம் கிழக்கே தள்ளி வைத்திருக்கிறேன். பெயர்கள் எல்லாம் நான் வைத்தவை. தேடாதீர்கள்.

2

எழுதிக் கைவிட்ட தொடக்கம்: "அன்று வானமே அழுவதுபோல மழை—"

வானம் அழவில்லை. மழை மாதம், பெய்தது.

கைவிட்ட இன்னொரு தொடக்கம்: "ஓர் அரச குடும்பத்துக்கும் பத்திரிகைக்கும் உள்ள உறவு எத்தகையது என்றால்—"

இது சிசிலியா எழுத வேண்டிய கட்டுரை. நன்றாகத்தான் எழுதுவாள். எழுதிவிட்டு அப்பன் போன சிறைக்கே போவாள்.

பாயிலிருந்து தொடங்குவதுதான் சரி. எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கு வருகிறவரின் இடுப்பைப் பார்த்தால் போதும், செத்தவருக்கு அவர் என்ன உறவு என்று தெரிந்துவிடும். இடுப்பில் தாழம்பாய் கட்டிக்கொண்டுதான் வருவோம். செத்தவரைவிட முறையில் உயர்ந்தவர்கள் மெல்லிய நல்ல பாய் கட்டி உடலருகே உட்காருவார்கள். தாழ்ந்தவர்கள், அதாவது பெற்ற பிள்ளைகளும் தாய்வழிக்காரர்களும், கிழிந்து நைந்த பெரிய பாயைத் தாடைவரை சுற்றிக்கொண்டு பின்கட்டில் குழியடுப்புப் புகையில் வேலை பார்ப்பார்கள். கூடப்பிறந்த அக்கா எல்லோருக்கும் மேல். யாருக்கு எந்தப் பாய் என்று அவள் சொன்னால் சொன்னதுதான். ஐம்பது வருஷத்தில் ஒரு சாவிலும் அகனேசி சொன்ன பாய் தவறியதில்லை.

அரச குடும்பத்தார் எங்களைப் போன்றவர்களின் சாவுக்குக் கிழிந்த பாய் கட்டுவதில்லை. அவர்கள் எங்களில் யாருக்கும் தாழ்ந்தவர்கள் அல்ல.

இளவரசி லோசலினே கட்டினார். தாடைவரை.

வியாழக்கிழமை பத்திரிகையின் முதல் பக்கத்தில் படம் வந்தது. குழியடுப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, புகைக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சேம்பங்கிழங்குக்குத் தோல் சீவும் இளவரசி. படத்துக்குக் கீழே ஒரு சொல் இல்லை. சொல் இல்லாத இடத்தில் ஊரே எழுதிக்கொண்டது. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் மீன் சந்தை முழுக்க, இளவரசி ஃபெலெட்டியின் மகள். அவரைப் பெற்ற ராஜமாதா கற்பு கெட்டவர். என் தம்பி அரண்மனையைத் திட்டி எழுதியதெல்லாம் பழைய காதலின் புகைச்சல். சனிக்கிழமை இளவரசியை 'ஓய்வுக்காக' ஆக்லாந்து விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

3

[இந்தப் பகுதியை விட்டுவிடலாம் என்று பார்த்தேன். அகனேசிக்கு இதில் நல்ல பெயர் இல்லை. விடவில்லை.]

ஐந்து வருஷத்துக்கு முன்பு ஃபெலெட்டி ஒரு வாசகர் கடிதத்தை அச்சிட்டான். பெண்கள் மட்டி பொறுக்கப் போகும் கடற்கரைப் பாதையை அரண்மனை விருந்தினருக்காக வேலி போட்டு அடைத்துவிட்டார்கள், ஒரு மணி நேரம் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது என்று கடிதம். அதற்காக யாரும் கோபப்பட்டிருக்க மாட்டார்கள். வேலி போட உத்தரவான அன்று காலை அரண்மனைச் சாப்பாட்டு மேசையில் என்ன பேச்சு நடந்தது என்பதும் அதில் இருந்தது. "கால் இருக்கு, நடக்கட்டும்" என்று. சொல்லுக்குச் சொல். கீழே 'மட்டி பொறுக்குகிறவள்' என்று மட்டும் போட்டிருந்தது.

அரண்மனைச் சமையல்கட்டில் எல்லோரையும் விசாரித்தார்கள். நீதிமன்றத்தில் ஃபெலெட்டியிடம் பெயரைக் கேட்டார்கள். "தெரியும். சொல்ல மாட்டேன்," என்றான். இருபத்தாறு நாள் உள்ளே இருந்தான்.

பத்தொன்பதாவது நாள் அகனேசி அவித்த வள்ளிக்கிழங்கு எடுத்துக்கொண்டு போனாள். எங்களில் கூடப்பிறந்த அக்காவும் தம்பியும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. கம்பி வேலிக்கு இருபுறமும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"பேரச் சொல்லிட்டு வெளிய வா. ஒம்பது தலைமுறைல நம்ம வீட்டு ஆம்பள எவனும் இந்த வாசல மிதிச்சதில்ல."

"ராஜாவுக்காகப் பேசினா மரியாதை. மட்டி பொறுக்கறவளுக்காகப் பேசினா மட்டும் மானம் போயிடுமாக்கா?"

"எவளோ ஒருத்தி வம்புக்கு நீ ஏன்டா உள்ள கெடக்கணும்?"

"கிழங்கு நல்லா வெந்திருக்குக்கா."

அதற்குப் பிறகு அவள் போகவில்லை. அவனைப் பார்க்கக் கூசியது என்று அப்போது சொல்லிக்கொண்டாள்.

4

இனி அந்த அறை.

இளவரசி கறுப்பு உடையில், இடுப்பில் எதுவும் கட்டாமல் வந்து நின்றார். அவருக்கென்று மெல்லிய வெளிர்ப்பாய் ஒன்றைப் பெனிசிமானி மடித்துக் கையில் வைத்திருந்தான். தொண்டையைச் செருமி, சபைக் குரலில் ஆரம்பித்தான்.

"இளவரசி அவங்க அஞ்சலி செலுத்த—"

"பெனி அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் இளவரசி.

அகனேசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அரச குடும்பத்தார் ஒருவர் பேச்சுக்காரனை அடக்கிவிட்டுத் தன் வாயால் பேசி அவள் கேட்டதில்லை. இளவரசி மண்டியிட்டு அவள் காதருகே குனிந்தார்.

[இங்கே அவர் சொன்னதை எழுதினேன். பதினோரு சொற்கள். அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலும் தெரியாது, மையைத் தாராளமாகவே விட்டிருக்கிறேன். இரண்டு நுனியையும் சேர்த்து நீங்களே முடிச்சுப் போட்டுவிடுவீர்கள். உங்களைத் தடுக்க முடியாது. ஊரும் போட்டிருக்கலாம். ஆனால் ஊருக்குக் கடிதத்தைவிடப் படுக்கை ருசி. எப்படியானாலும் என் வாயிலிருந்து அது வராது.]

பிறகு இளவரசி நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் எந்தப் பாய் கட்டணும்? நீங்க சொல்லுங்க," என்றார்.

அவர் சொன்னதற்கு எங்கள் வழக்கத்தில் பாய் கிடையாது. அப்படி ஓர் உறவுக்கு யாரும் முறை வைத்துவிட்டுப் போகவில்லை. அகனேசி தம்பியின் முகத்தைப் பார்த்தாள். செத்தபிறகு பார்க்கலாம். மூக்கு அப்படியே அப்பாவுடையது. அவளுக்குத் தெரியவே தெரியாது.

"சிசிலியா, அந்த மூலைல இருக்கற பாய எடு."

"அத்தே, அது எனக்குன்னு எடுத்து வெச்சது."

"உனக்கு இன்னொண்ணு இருக்கு. எடுடீ."

பெனிசிமானி பதறிவிட்டான். "அக்கா! என்ன பண்றீங்க? அது பெத்த புள்ளைங்க கட்டற பாய்!"

"தெரியும். உங்கப்பன் சாவுக்கு உனக்கு நான்தான் கட்டிவிட்டேன். அப்பவும் இப்படித்தான் கத்துன."

"அரண்மனைக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நீதானே பேச்சுக்காரன். யோசி." அவள் இளவரசியின் பக்கம் திரும்பினாள். "கையத் தூக்குங்கம்மா. முடிச்சு இறுக்கமா இருக்கா?"

"மூச்சு விட முடியுது."

"அப்ப இன்னும் கொஞ்சம் இழுக்கணும்."

இளவரசி சிரித்தார். சிரித்த வாய் அப்படியே கோணியது. எழுந்து பின்கட்டுக்குப் போனார். லிசியாதே கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனான். அவனைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை.

5

இங்கே பெனிசிமானியைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் வரைவில் அவனுக்கு மெல்லிய மீசையும் ஈரக் கையும் கொடுத்திருந்தேன். அது கயமை. அவன் கெட்டவன் அல்ல. குடும்ப மானத்தைக் காக்க வந்தான். நானும் அதைத்தான் காத்துக்கொண்டிருந்தேன். ஒரே மானத்துக்கு இரண்டு காவல்காரர்கள், அங்கேதான் தகராறு. மீசையை எடுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவன் ஒரு தாள் கொண்டுவந்தான். அரண்மனை முத்திரை போட்ட தாள். 'முதுமையாலும் துயரத்தாலும் தடுமாறிய அகனேசி அவர்கள், அறியாமல் தவறான பாயைக் கட்டிவிட்டார்' என்று எழுதியிருந்தது. கீழே கோடு. சிசிலியாவும் அங்கே இருந்தாள்.

"ஒரே ஒரு கையெழுத்துக்கா. இளவரசி திரும்பி வந்துருவாங்க. ராஜமாதா பேரு காப்பாத்தப்படும். ஃபெலெட்டி பேரும்தான். உங்களுக்கு எழுபத்து மூணு வயசு. தப்பு நடந்திருக்கும்னு ஊரு நம்பும்."

"நம்பும். அதனாலதான் போடமாட்டேன்."

"போடலேன்னா நம்ம இடம் போயிடும்." அவன் குரல் இறங்கியது. "வருஷப் பிறப்புக் காவாச் சபைல வேற வீட்டு ஆளு உக்காந்து பேசுவான். சொல்லிட்டாங்க. எனக்கப்புறம் என் மகன் இல்ல. ஒம்பதோட முடிஞ்சுது."

காவாக் கிண்ணத்துக்கு முன்னால், நிமிர்ந்த முதுகோடு, அரசரின் வாயாக உட்கார்ந்திருந்த தன் தகப்பனை அகனேசி நினைத்தாள். அந்த இடத்துக்காக அவள் தன் தம்பியையே ஐந்து வருஷம் ஒதுக்கி வைத்திருந்தாள்.

"சரி, தப்புன்னு சொல்ல வேண்டாம்," என்றான் பெனிசிமானி. "காரணத்தயாவது சொல்லுங்க. உங்க காதுல என்ன சொன்னாங்க?"

"தெரியும். சொல்ல மாட்டேன்."

"ஃபெலெட்டி மாதிரியே பேசாதீங்கக்கா!"

"என் தம்பிடா அவன். வேற யாரு மாதிரி பேசறது?"

அவன் தாளை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். போகும்போது வழக்கம்போலக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் போனான். அதையும் எழுதியாக வேண்டும்.

சிசிலியா நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டாள். "அத்தே, என் காதுல மட்டும் சொல்லுங்க."

"உன் காது அச்சு எந்திரத்துல போயி முடியுது."

"பொய்ய ஒழிக்கணும்னா உண்மையப் போட்டுத்தானே ஆகணும்?"

"உங்கப்பன் உங்கிட்ட சொன்னானா?"

"இல்ல."

"சாகப் போற நேரத்துலயும்?"

"இல்ல."

"அப்புறம் எங்கிட்ட என்னடீ கேள்வி? வாயில்லாத படத்த மொதப் பக்கத்துல போட்டவ நீ. இனிமே படம் போட்டா கீழ நாலு வார்த்த எழுதப் பழகு."

"அந்த நாலு வார்த்தயத்தான் கேக்கறேன்," என்றாள் அவள். இவளும் எங்கள் வீட்டுப் பெண்தான்.

6

முடிவுகள்.

ஒன்று. அகனேசி கையெழுத்துப் போடுகிறாள். குடும்பத்தின் இடம் நிலைக்கிறது. இளவரசி ஊர் திரும்புகிறார். ஊர் அகனேசியைப் பார்த்து 'பாவம், கெழவிக்குத் தடுமாறிப்போச்சு' என்கிறது. அவள் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, கோட்டின்மேல்—

இதற்குமேல் எழுத வரவில்லை. பத்து தடவை முயன்றேன்.

இரண்டு. அகனேசி அந்தப் பதினோரு சொற்களையும் சொல்லிவிடுகிறாள். வதந்தி அன்றைக்கே சாகிறது. ஃபெலெட்டியின் இருபத்தாறு நாளும் கூடவே வீணாகிறது. இந்த முடிவு பத்திரிகைக்கு நல்லது, எனக்கு வேண்டாம்.

மூன்று. சிசிலியாவுக்குப் பிடித்தது. இளவரசி ஆக்லாந்திலிருந்து இறங்கி, அரண்மனை முற்றத்தில் நின்று, தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது அவர் எழுத வேண்டிய கதை. அவருக்காகப் பேச அவர் என்னைக் கேட்கவில்லை. எந்தப் பாய் என்று மட்டும்தான் கேட்டார்.

[பாயில் நான் தவறினேனா? சிறிய பாயைக் கொடுத்திருந்தால் படமும் இல்லை, பழியும் இல்லை. இதைப் பலமுறை கேட்டுக்கொண்டேன். கேள்வி நியாயமானது. பதில், தவறவில்லை என்பதுதான். அவர் அந்த அறையில் அகனேசியிடம் சொன்ன உறவுக்கு அதைவிடச் சிறிய பாய் பொருந்தாது.]

7

நடந்தது இவ்வளவுதான். தாள் கோடு வெறுமையாகவே அரண்மனைக்குத் திரும்பிப் போனது. அகனேசி நாலு வரி எழுதிச் சிசிலியாவிடம் கொடுத்தாள். ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது, படம் போட்ட அதே இடத்தில் போட வேண்டும் என்றாள். சிசிலியா படித்துவிட்டு, "இது போதாதே அத்தே," என்றாள். "போதும்," என்றாள் அகனேசி.

வருஷப் பிறப்புச் சபையில் கிண்ணத்துக்கு முன்னால் யார் உட்கார்ந்து பேசினார்கள் என்று சொல்லப்போவதில்லை. இளவரசி திரும்பினாரா என்பதையும். உங்களுக்குப் பிடித்தவர்களை உட்கார வையுங்கள். யாரை உட்கார வைத்தாலும் இந்த நாலு வரி மாறாது. வியாழக்கிழமை வந்தபடியே இதோ:

சென்ற வாரம் இப்பத்திரிகையில் வெளியான படத்தைப் பற்றி. இளவரசி லோசலினே என் தம்பி ஃபெலெட்டியின் மகள் அல்ல. ராஜமாதாவின் பெயரை இதில் இழுப்பவர்கள் பொய் சொல்கிறார்கள். பாயைத் தேர்ந்ததும் கட்டிவிட்டதும் நான்; தவறுதலாக அல்ல.