சிவப்புப் புள்ளி வைத்த வீடு

பொத்தான்காரி தொட்ட பொருள் பொத்தான்காரிக்கே. அதுதான் அந்த வீட்டுச் சட்டம். சட்டம் போட்டவள் அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி. சட்டத்தை நிறைவேற்ற ஓரகத்தியின் கையில் சிவப்பு நெயில் பாலிஷ் இருந்தது.

சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அவள் புருஷன் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன், எய்ட்ஸ் வந்து செத்துப்போனான். சாகும்வரை அவன் தட்டில் யாரும் புள்ளி வைக்கவில்லை. அது அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கவும் யாருக்கும் வாய் வரவில்லை. அவளைச் சோதித்து அவளுக்கும் இருக்கிறது என்று தெரிந்ததுதான் தாமதம், எல்லாம் இவள் கொண்டுவந்தது என்று தீர்ப்பாகிவிட்டது. அவளுடைய தட்டிலும் டம்ளரிலும் புள்ளி ஏறியது.

ஆஸ்பத்திரி ஆலோசகர் கொழுந்தனை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். தொட்டால் ஒட்டாது, சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது, இவள் மாத்திரையை ஒழுங்காகப் போடுவதால் கிருமி சோதனையிலேயே தட்டுப்படாமல் அடங்கிக் கிடக்கிறது என்றார். கொழுந்தன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சோப்புப் போட்டுக் காதைக் கழுவினான்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எத்தனை நாள்தான் கை படாமல் இருக்கும்? ஒரு மத்தியானம் புழுக்கம் தாங்காமல் ஃபேன் சுவிட்சைத் தட்டினாள். ஃபேன் அவளுடையது ஆனது, அதன் காற்றும் சேர்த்து. மற்றவர்கள் வாசல் பக்கம் போய் விசிறிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கீழே விழுந்த ரிமோட்டை எடுத்து வைத்தாள். அன்றிலிருந்து கொழுந்தனும் ஓரகத்தியும் தூரத்தில் நின்று கெஞ்சினார்கள்.

"அக்கா, அடுத்த சேனல் வைங்களேன்."

"இதுவா?"

"அது நியூஸ்க்கா. அதுக்கு அடுத்தது."

ஃப்ரிட்ஜ் போனது, சோபா போனது. குளியலறைத் தாழ்ப்பாளில் புள்ளி விழுந்தபிறகு கொழுந்தன் கதவைப் பூட்டாமல் குளிக்க வேண்டியதாயிற்று. உள்ளே ஆள் இருப்பது தெரிய வேண்டுமே! அவனுக்குப் பாட்டு வராது. ஏழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொன்னான், அதையும் தப்புத் தப்பாக. பொத்தான்காரியின் மகள் பொடிசு வெளியே நின்று திருத்தினாள்.

அந்த வீட்டில் பொத்தான்காரி தொடாமல் காபந்து பண்ணிவந்தது பொடிசை மட்டும்தான். பிள்ளைக்கு நோய் இல்லை என்று சோதனையில் சொல்லிவிட்டார்கள். தொட்டால் ஒட்டாது என்பது பொத்தான்காரிக்கும் தெரியும். ஆனால் தொட்டால் புள்ளி விழும். பிள்ளை தனித் தட்டில் மூலையில் சாப்பிடும். அதை நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். பொடிசு காய்ச்சலில் அனத்திய நாளில்கூட வாசற்படியில் நின்று பேச்சுக் கொடுத்தாளே தவிர நெற்றியைத் தொடவில்லை.

இப்படி இருக்கும்போது ஓரகத்திக்குக் குழந்தை பிறந்தது. கொழுந்தன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்தான்.

"அண்ணி, உங்கள மாதிரி ஆளுங்களுக்குன்னே ஒரு இல்லம் இருக்காம். பேசி முடிச்சிட்டேன். நாளைக்கு வேன் வரும்."

"என் பொண்ணு?"

"அவ இங்கதான் இருப்பா. நோய் இல்லாத பிள்ளைய அங்க எதுக்கு அனுப்பணும்?"

"பள்ளிக்கூடம்?"

"படிச்சு என்ன கிழிக்கப்போறா? தொட்டில ஆட்ட ஆள் வேணும்ல."



மறுநாள் காலை வேன் வந்து நின்றது. டிரைவர் உள்ளே வந்து சோபாவில் சாய்ந்து, "யாரும்மா வர்றது?" என்றார்.

பொத்தான்காரி மகளைப் பார்த்தாள்.

"பொடிசு, நான் உன்னத் தொட்டா உனக்கும் புள்ளி வெப்பாங்க. சித்தி பக்கத்துல படுக்க முடியாது."

"சித்திக்குக் கால் அமுக்க வேணாமா?"

"வேணாம்."

"தொட்டில்?"

"அதுவும் வேணாம்."

"அப்ப சீக்கிரம் தொடும்மா!"

பொத்தான்காரி மகளை வாரி இடுப்பில் தூக்கிக்கொண்டாள். இடுப்பில் வைக்கிற வயதா அது? கால்கள் தரையைத் தொடாத குறை.

"அண்ணி, விடுங்க! அவ எங்க வீட்டு ரத்தம்!"

"ஆமா தம்பி. என் ரத்தத்துல இருக்கிறதும் உங்க வீட்டுலருந்து வந்ததுதான். உங்க அண்ணன் குடுத்தது."

ஓரகத்தி பொடிசின் முழங்கையில் ஒரு புள்ளியைத் தள்ளி நின்றே வைத்தாள். வைத்த மறுகணம் தொட்டிலிலிருந்து குழந்தையை வாரிக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

"இதுக்குப் பக்கத்துல வராத!"

பொடிசுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இடுப்பிலிருந்து குதித்தாள். கண்ணாடியைத் தொட்டாள். பாயைத் தொட்டாள். சித்தப்பாவின் செருப்பு, சித்தியின் சீப்பு, தொட்டில் கயிறு என்று ஒன்று விடவில்லை. ஓரகத்தி குழந்தையோடு பின்னாலேயே ஓடி ஓடிப் புள்ளி வைத்தாள். நடுவீட்டில் பாலிஷ் தீர்ந்துபோனது. எது சுத்தம், எது இல்லை என்று இனி யாருக்கும் நிச்சயமில்லை. புருஷனும் பெண்டாட்டியும் கூடத்து நடுவே காலைத் தூக்கித் தூக்கி வைத்து நின்றார்கள்.

"என்னங்க, எங்கம்மா வீட்டுக்குப் போயிரலாம்," என்று ஓரகத்தி அழுதாள்.

வாசல் கதவைத் தொட அவர்களுக்குத் துணிச்சல் இல்லை. பொத்தான்காரிதான் திறந்துவிட்டாள்.

"அப்ப யாருமே வரலையா?" என்றார் டிரைவர். "பரவால்ல, போற வழியில இவங்கள இறக்கிவிடறேன்."

அந்த வேனில் யார் யார் உட்கார்ந்தார்களோ! கொழுந்தன் ஐயோ வேண்டாம் என்று கும்பிட்டான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருவரும் வெறுங்காலோடு வெயிலில் நடந்தார்கள். ஓரகத்தி ஒரு கையால் தலையைப் பறட்டுப் பறட்டென்று சொறிந்துகொண்டே போனாள்.

அதன் காரணம் பொத்தான்காரிக்குச் சற்று நேரத்தில் தெரிந்தது. மகளை முன்னால் உட்காரவைத்துச் சடையைப் பிரித்தாள்.

"அடிப்பாவி, தலை பூரா பேனு! யாரும் பார்க்கலையா?"

"நீதான் தொடவே இல்லையேம்மா."

பொத்தான்காரி குனிந்து, ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, நகத்தில் வைத்து நசுக்கத் தொடங்கினாள்.