மணிக்கூட்டுக்குள் உப்புத் தண்ணீர்

இந்தக் காலத்துச் சனத்துக்கு ஓடுகிற சாமானை ஓட விடத் தெரியாது. ஓடாததைத் தூக்கி எறிவார்கள், ஓடுவதைக் கழற்றிப் பார்ப்பார்கள். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் இன்னும் மோசம். வந்திறங்கிய கையோடு கிணற்றுக் கட்டுக்கு மாபிள் பதிப்பார்கள், கேற்றில் இரண்டு சிங்கம் வைப்பார்கள், திரும்பிப் போய்விடுவார்கள். பிறகு சிங்கம்தான் வெறும் வளவைப் பார்த்துக்கொண்டு நிற்கும். வட்டக்கச்சியில் அப்படி எத்தனை சிங்கங்களை வீரகத்தி பார்த்துவிட்டார். ஆனால் தன் மகன் வந்து தன்னுடைய கைமணிக்கூட்டின் குடலை உருவி அதற்குச் சோடனை செய்வான் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

ரஜிதனுக்குச் சுவிஸில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. சண்டை முடிவதற்கு இரண்டு வருசம் முந்திப் போனவன், இப்போதுதான் லீவில் தனியாக வந்திருந்தான். அங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு அவன் சொன்ன பதில் அவருக்குப் பிடிபடவே இல்லை.

"உள்ளுக்கு இருக்கிற தகடுகளின்ர விளிம்பைச் சரிச்சுத் தேய்ச்சு மினுக்கிறது, அப்பா. மேல வரிவரியாக் கோடு போடுறது."

"கோடு போட்டா நேரம் சரியாக் காட்டுமோ?"

"இல்லை."

"கனகாலம் ஓடுமோ?"

"அதுகும் இல்லை. வடிவுக்கு."

"மூடியைப் பூட்டினாப் பிறகு உந்த வடிவை ஆர் பாக்கிறது?"

"பிறகு எப்பவாவது திருத்திறவன் திறந்தாப் பாப்பான்."

"அவன் ஒருத்தன் பாக்கிறதுக்கு உனக்குச் சம்பளமோ? விசர் பிடிச்ச நாடு."

ரஜிதன் சிரித்தான். பிறகு அவருடைய மணிக்கட்டைப் பார்த்தான். தினமும் காலையில் சாவி முறுக்கினால் அடுத்த காலைவரை ஓடும் பழைய மணிக்கூடு அது. "நான் உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லை. இதையெண்டாலும் செய்ய விடுங்கோ" என்று நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அந்தக் குரலுக்காகத்தான் கழற்றிக் கொடுத்தார். சோடனைக்காக இல்லை.

யன்னலடி மேசையில் வைத்துப் பின்மூடியைத் திறந்தான். உள்ளே மங்கிப்போன தகடு. அதன் ஒரு ஓரத்தில் பச்சையும் பழுப்புமாக, சின்னவிரல் நகம் அளவுக்கு ஒரு கறை.

"தண்ணி போயிருக்கு. நல்லா அரிச்சிருக்கு" என்றான் ரஜிதன். "இதை முதல்ல எடுக்கவேணும்."

"அதில கை வைக்காதை."

"இல்லையப்பா, கறையை வைச்சுக்கொண்டு..."

"வைக்காதை எண்டா வைக்காதை. அது வட்டுவாகல் தண்ணி."

ரஜிதனின் கை நின்றது. வீரகத்தி கதிரையில் இருந்தபடியே, நெல்லு விலை சொல்கிற மாதிரிச் சொன்னார். சண்டையின் கடைசி நாட்களில் வட்டுவாகல் கடலேரித் தண்ணீர் நெஞ்சு மட்டும் நின்றது. செல் விழுந்த காயத்தோடு மனைவி அன்னபாக்கியத்தைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். அவளுடைய கை விழாமல் இருக்கத் தன் கையால் பிடித்திருந்தார். அந்தக் கையில்தான் மணிக்கூடு. அந்தக் கரையில் ஏறினபோது அவளிடம் உயிர் இல்லை. கண்ணாடிக்குள் ஆவி படிந்து மணிக்கூடும் நின்றுபோயிருந்தது. பிறகு முகாமில் இருந்த ஒரு மனுசன் துருப்பிடித்த சில்லுகளை எடுத்துவிட்டு வேறொரு உடைந்த மணிக்கூட்டின் சில்லுகளைப் போட்டு ஓட வைத்தான். கறை போகாது, அது பாட்டில் கிடக்கட்டும் என்றான். கிடந்தது.

 அந்த வருசம் தொலைபேசியில் ரஜிதனுக்குக் கிடைத்தது "கொம்மா போயிட்டா" என்ற ஒரு சொல்தான். அவனும் அதற்கு மேல் கேட்டதில்லை.

"சரியப்பா. அதைத் தொட மாட்டன்" என்றான்.

அன்றிலிருந்து அவன் அந்த மேசையை விட்டு எழும்பவில்லை. கண்ணில் ஒரு பூதக்கண்ணாடியை ஒட்டிக்கொண்டு, மெல்லிய தடிமுனையில் ஏதோ பசையைத் தொட்டுத் தேய்த்தான், ஊதினான், திரும்பத் தேய்த்தான். வீரகத்தி மறுபக்கக் கதிரையில் இருந்தார். ஆளில்லாத வீட்டில் அவர் கோழிகளோடு கதைப்பார், ரேடியோவில் செய்தி வாசிக்கிறவனை ஏசுவார். இப்போது மகன் இருக்கிறான் என்ற கூச்சத்தில் அதையும் விட்டுவிட்டார். மணி என்ன என்று கையைத் திருப்பினால் அங்கே வெளுத்த தோல்தான் இருந்தது.

பக்கத்து வளவுக் கௌசலா மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும்போது எட்டிப் பார்ப்பாள்.

"பெரியப்பா, உள்ளுக்குப் பவுடர் பூசி என்ன? வெளியில பாத்தா அதே கிழட்டு மூஞ்சிதானே."

"எனக்கோ சொல்லுறாய், மணிக்கூட்டுக்கோ?"

"ரெண்டுக்கும்தான்."

ரஜிதன் அதற்கும் தலை நிமிரவில்லை.

சிறுபோகத் தண்ணீர் முறை வந்த நாள் வீரகத்தி விடியவே வயலுக்குப் போனார். தன் காணிக்குத் தண்ணீர் பாய்ந்து முடியும்வரை நின்று காவல் காத்தார். கொஞ்சம் கண் அசந்தால் மேல்வயல்காரன் வாய்க்காலைத் தன் பக்கம் வெட்டிவிடுவான், யாரை நம்புவது. திரும்பி வந்தபோது மேசை வெறுமையாக இருந்தது. கௌசலாவின் புருசனுடைய மோட்டச்சைக்கிளை வாங்கிக்கொண்டு ரஜிதன் எங்கேயோ போய்விட்டான் என்றாள் கௌசலா.

பொழுது சாய்கிற நேரம் வந்தான். கையில் ஒரு சோடாப் போத்தில்.

"என்ன, குடியும் பழகியிட்டியோ?"

"குடிக்கிறதில்லை அப்பா." அவன் போத்திலை மேசையில் வைத்தான். "நான் பிழை விட்டிட்டன். கோடு இழுக்கேக்க கறையடியில நிப்பாட்டத்தான் பாத்தனான். கை தன்ர பாட்டில மேலால போயிட்டுது. போனாப் பிறகு அரைவாசியில விட ஏலேல்லை. அங்க பழகின கை."

"அப்ப கறை?"

"இல்லை."

வீரகத்தி கதிரையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அதுதான் வட்டுவாகலுக்குப் போனனான்" என்றான் ரஜிதன் அவசரமாக. "அதே தண்ணி. இதுக்குள்ள தகட்டைப் போட்டு வைச்சா நான் போறதுக்கு முதல் கறை பிடிச்சிடும். மினுக்கின பித்தளைத் தகட்டில உப்புத் தண்ணி கெதியாப் பிடிக்கும்."

"தண்ணி அதுதான். அண்டைக்கு அதுக்குள்ள கொம்மா இருந்தவா."

ரஜிதன் போத்திலின் மூடியை இறுக்கினான். அப்போதுதான் வீரகத்தி அவனுடைய உடுப்பைக் கவனித்தார். காற்சட்டையும் சேட்டும் காய்ந்து விறைத்திருந்தன. நெஞ்சு உயரத்தில் உப்பு வெள்ளையாகக் கோடு பிடித்திருந்தது.

"நீ இறங்கினியோ?"

"ஓம். கரையில மீன் பிடிச்சுக்கொண்டு நிண்ட ஆள் கத்தினவர், வெளிய வா தம்பி எண்டு." அவன் மூக்கை உறிஞ்சினான். "நான் அண்டைக்கு இருக்கேல்லையே அப்பா."

 "உடுப்பை மாத்து. காச்சல் வரப்போகுது" என்றார். கிணற்றடிக்குப் போய், கழுவின காலையே திரும்பக் கழுவினார்.

தகடு குசினியில் ஒரு பீரிஸ் தட்டில், கடலேரித் தண்ணீருக்குள் கிடந்தது. அவர் தேத்தண்ணி போடப் போகிற ஒவ்வொரு தரமும் ரஜிதனும் பின்னால் வந்து நின்றான். அவன் பார்ப்பது தகட்டையா தன்னையா என்று அவருக்கு விளங்கவில்லை. மகன் புறப்படுவதற்கு முதல் நாள் காலை ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி விழுந்திருந்தது.

"பாருங்கோ, பிடிக்குது!"

வீரகத்தி குனிந்து பார்த்தார். கோடுகள் ஒரு முடி தப்பாமல் ஓடின. தேய்த்த விளிம்பில் குசினி யன்னல் வெளிச்சம் நின்றது. வடிவுதான், இல்லை என்று சொல்ல முடியாது. பச்சை அந்தக் கோடுகளுக்கு மேலே புதிதாக உட்கார்ந்திருந்தது.

"உது வேற கறை" என்றார்.

"நிக்க நிக்கக் கறுக்கும் அப்பா. அதை மாதிரியே வரும்."

 மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்தார். அன்று தண்ணீர் முறையும் இல்லை, வயலில் வேலையும் இல்லை.

"அப்பா, இப்ப பூட்டட்டோ, பின்னேரம்வரைக்கும் விடட்டோ?"

"உன்ர விருப்பம்."

திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டு, கேற்றைத் திறந்து, வாய்க்கால் கரையோடு நடந்தார்.